ராக்கெட்டுக்குச் சரி, பஸ்ஸுக்குச் சரியா?

2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடியில் நடந்த விழாவில் 17,300 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டங்களைப் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கிவைத்தார். அவற்றில் ஊர்ப்பேச்சானது ஒன்றுதான்: குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல். அதே மேடையிலிருந்து காணொலி வழியே இன்னொன்றுக்கும் அவர் கொடியசைத்தார். கொச்சிக் கப்பல் கட்டும் தளம் உருவாக்கிய, ஹைட்ரஜனில் ஓடும் நாட்டின் முதல் உள்நாட்டு நீர்வழிப் படகு அது. ஐம்பது பேர் உட்காரலாம். புகை கிடையாது, வெளியே வருவது தண்ணீர்தான். கொடி தூத்துக்குடியில், படகு கொச்சியில், ஓடப்போவது காசியில் என்று இருந்ததால் நம்மூரில் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. 2025 டிசம்பரில் அது கங்கையில் பயணிகளை ஏற்றத் தொடங்கியபோதும் இங்கே அது ஒரு துண்டுச் செய்திதான்.

ஹைட்ரஜன் தென்பாண்டிச் சீமைக்குப் புதிய விருந்தாளி அல்ல. குலசேகரன்பட்டினத்தை, அதாவது நம் குலசையை, நடுவில் வைத்துச் சுற்றிப் பாருங்கள். மேற்கே மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜினுக்காக அந்த வாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்கி எரிக்கிறார்கள். வடக்கே ஆறுமுகநேரியை ஒட்டிய சாகுபுரத்தில் டி.சி.டபிள்யூ. ஆலை 1950-களின் இறுதியிலிருந்து இயங்குகிறது. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடா எடுக்கும்போது, கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஹைட்ரஜன் கூடவே வரும். இன்னும் வடக்கே முள்ளக்காட்டில் ஸ்பிக் உர ஆலை. யூரியாவுக்கு அமோனியா வேண்டும், அமோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும். அரை நூற்றாண்டாக அங்கே அந்த வாயு பிறந்து உரமாகிக்கொண்டிருக்கிறது.

ஆக, இந்த வாயுவை நம் பகுதிக்குக் கொண்டுவரலாமா என்ற கேள்விக்கு இடமில்லை, அது எப்போதோ வந்துவிட்டது. இனி காற்றிலும் வெயிலிலும் கிடைக்கும் மின்சாரத்தால் தயாராகப் போகும் பசுமை ஹைட்ரஜன் யாருக்கு, எதற்கு என்பதைத்தான் கேட்க வேண்டும்.

மகேந்திரகிரியில் ஓடிய பஸ்

2013 ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை. மகேந்திரகிரி இஸ்ரோ வளாகத்துக்குள் ஒரு பஸ் ஓடியது. டாடா மோட்டார்ஸும் இஸ்ரோவும் 2006-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் விளைவு அது. கூரையில் உயர் அழுத்த சிலிண்டர்கள், அவற்றில் ஹைட்ரஜன். ஃபூயல் செல் என்கிற எரிபொருள் மின்கலத்துக்குள் அந்த வாயு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும். அங்கே தீ எரிவதில்லை, மின்சாரம் பிறக்கிறது. அதில் மோட்டார் சுழலும். கழிவாக வருவது நீராவியும் கொஞ்சம் சூடும். இந்தியாவின் முதல் ஹைட்ரஜன் பஸ் என்று அன்றைய செய்திகள் அதைக் கொண்டாடின. டெல்லியிலோ புனேயிலோ அல்ல, நம் பணகுடிக்குப் பக்கத்தில் ஓடிய பஸ் அது.

அடுத்த ஐந்தே மாதத்தில், 2014 ஜனவரி 5 அன்று, உள்நாட்டில் செய்த கிரயோஜெனிக் என்ஜினைச் சுமந்து ஜி.எஸ்.எல்.வி. டி-5 ராக்கெட் வெற்றிகரமாக விண்ணைத் தொட்டது. அந்த என்ஜினும் ஹைட்ரஜன் குடிப்பதுதான். ரஷ்யாவிடம் தொழில்நுட்பம் வாங்க 1990-களின் தொடக்கத்தில் போட்ட ஒப்பந்தம் அமெரிக்க அழுத்தத்தில் முறிந்தது. 2010-இல் சொந்த என்ஜினோடு பறந்த முதல் முயற்சியும் தோற்றது. அதற்குப் பிறகு கிடைத்த வெற்றி இது. பின்னால் அதைவிடப் பெரிய சி.இ.-20 என்ஜின் வந்தது, சந்திரயான்-3 வரை போனது. இன்றைய இஸ்ரோ தலைவர் வி.நாராயணன் குமரி மாவட்டத்துக்காரர், கிரயோஜெனிக் துறையிலேயே வளர்ந்தவர்.

ராக்கெட் நிலவுக்குப் போய்விட்டது. பஸ் வளாகத்தின் வாசலைத் தாண்டவில்லை.

இதற்கு அலட்சியம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ராக்கெட்டுக்கு ஹைட்ரஜனைவிட நல்ல எரிபொருள் கிடைப்பது அரிது. ஒரு கிலோவில் அது தருகிற ஆற்றல் அவ்வளவு, எடைதான் ராக்கெட்டின் எதிரி. செலவைப் பற்றி அங்கே யாரும் முதலில் கேட்பதில்லை. மைனஸ் 253 டிகிரிக்குக் குளிரவைத்துத் திரவமாக்க வேண்டுமா, செய்வார்கள். பஸ்ஸின் கணக்கு வேறு. வெறும் காற்றழுத்தத்தில் ஒரு கிலோ ஹைட்ரஜன் பதினோரு கன மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதை நூற்றுக்கணக்கான மடங்கு அழுத்திச் சிலிண்டரில் அடைக்க வேண்டும். கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, பகலில் அதன் சுவாலைகூடச் சரியாகத் தெரியாது. டிப்போவில் இதற்கெல்லாம் ஆள் பழக்க வேண்டும், இயந்திரம் வாங்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். குலசையிலிருந்து பறக்கப்போகும் ராக்கெட்டில் ஹைட்ரஜன் இருக்காது. அங்கே வரப்போவது எஸ்.எஸ்.எல்.வி. என்கிற சிறிய ராக்கெட். 500 கிலோ வரை எடையுள்ள செயற்கைக்கோளை 500 கிலோமீட்டர் உயரத்தில் விடுவது அதன் வேலை. அதன் மூன்று அடுக்குகளும் திட எரிபொருளில் எரிபவை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே துருவப் பாதைக்குப் போக வேண்டுமானால் இலங்கையை ஒதுக்கி வளைந்து பறக்க வேண்டும், அந்த வளைவில் எரிபொருள் வீணாகும். குலசையிலிருந்து தெற்கே நேர்கோடு, கீழே வெறும் கடல். படுக்கப்பத்து, மாதவன்குறிச்சி, பள்ளக்குறிச்சிப் பக்கம் சுமார் 2,300 ஏக்கரை அரசு எடுத்ததற்குக் காரணம் இந்த நேர்கோடுதான். ஏவுதளம் வந்தால் நம் ஊரே பசுமை எரிபொருள் நகரமாகிவிடும் என்று சிலர் பேசுவதைக் கேட்கிறேன். இரண்டும் வேறு வேறு கதைகள். குலசை எல்லையில் கல்லாமொழிப் பக்கம் கண்ணில் படுவது 660 மெகாவாட் அலகுகள் இரண்டு கொண்ட உடன்குடி அனல்மின் திட்டமும், நிலக்கரி இறக்கக் கடலுக்குள் நீளும் பாலமும்தான். எரிசக்தி மாற்றம் என்று பேசும்போது அந்தப் பாலத்தையும் மறந்துவிடக் கூடாது.

ஐம்பத்தைந்து யூனிட்டில் எவ்வளவு தூரம்?

2025 செப்டம்பர் 5, வ.உ.சி. பிறந்தநாளன்று, அவர் பெயர் தாங்கிய தூத்துக்குடித் துறைமுகத்தில் பசுமை ஹைட்ரஜன் முன்னோட்ட ஆலை திறக்கப்பட்டது. செலவு 3.87 கோடி ரூபாய். மணிக்கு 10 கன மீட்டர் ஹைட்ரஜன் தரும். துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும் மின்வாகன சார்ஜிங் நிலையத்துக்கும் அதிலிருந்து மின்சாரம்.

பத்து கன மீட்டர் என்றால் பெரிதாகத் தோன்றும். எடையில் அது ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. நாள் முழுக்க ஓட்டினாலும் 21, 22 கிலோ கிடைக்கும். நகரப் பஸ் அளவுள்ள ஹைட்ரஜன் பஸ் ஒரு கிலோவில் சுமார் 12 கிலோமீட்டர் ஓடும். ஆக, அந்த ஆலையின் ஒருநாள் உற்பத்தி நெல்லைக்கும் திருச்செந்தூருக்கும் ஒரே ஒரு பஸ் இரண்டு முறை போய்வரப் போதுமானது. முன்னோட்டம் என்பதால் இதைக் குறையாகச் சொல்லவில்லை. கைபழக வேண்டும், பழகுகிறார்கள். ஆனால் சூரிய வெளிச்சத்தில் கரண்டு எடுத்து, அதில் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுத்து, அந்த ஹைட்ரஜனைத் திரும்பக் கரண்டாக்கித் தெருவிளக்கை எரிப்பது கண்காட்சிக்கு நன்றாக இருக்கும். நிரந்தர ஏற்பாடாக அதை யாரும் நினைத்துவிட வேண்டாம்.

ஏனென்றால் ஒவ்வொரு மாற்றத்திலும் கரண்டு கரையும். தண்ணீரைப் பிளந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் செலவாகும். அந்த ஒரு கிலோவில் பஸ் 12 கிலோமீட்டர் போகும். அதே 55 யூனிட்டை நேரே பேட்டரியில் ஏற்றினால், சார்ஜ் ஏற்றும்போது ஆகும் இழப்பைக் கழித்த பிறகும், மின்சார பஸ் 40 கிலோமீட்டர் போகும். மூன்று மடங்குக்கும் மேல்! ஊர்ப் பஸ்ஸுக்கு எது சரி என்பதை முடிவுசெய்ய இந்த ஒரு கணக்கு எனக்குப் போதும்.

மத்திய அரசு 2025 மார்ச்சில் ஹைட்ரஜன் பஸ், லாரிகளுக்கான முன்னோட்டத் திட்டம் ஒன்றை அறிவித்தது. 37 வாகனங்கள், 9 நிரப்பு நிலையங்கள், 10 வழித்தடங்கள், 208 கோடி ரூபாய். திருவனந்தபுரம்–கொச்சி இருக்கிறது, விசாகப்பட்டினம் இருக்கிறது, புவனேஸ்வரம்–பூரி இருக்கிறது. முதல் ஹைட்ரஜன் பஸ்ஸை ஓட்டிப்பார்த்த தமிழ்நாட்டில் ஒரு தடம்கூட இல்லை. இதைச் சொன்னால் உடனே கோபம் வரும். எனக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை. சென்னை வியாசர்பாடியிலிருந்து 2025 ஜூன் 30 அன்று 120 மின்சார பஸ்கள் புறப்பட்டன. அந்தப் பாதை தெற்கே நெல்லைக்கு நீளாமல் இருப்பதுதான் வருத்தம். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு இரவுபகலாக வந்துபோகும் கன்டெய்னர் லாரிகளில் சிலவற்றை ஹைட்ரஜனில் ஓட்டிப் பார்க்கலாம். நெடுந்தூரம், கனத்த பாரம், நிறுத்தி சார்ஜ் ஏற்ற நேரமில்லாத வேலை. அங்கே அதற்கு ஒரு நியாயம் உண்டு.

காற்று இருக்கிறது, காலம்?

1986-இல் தூத்துக்குடியை ஒட்டிய முள்ளக்காட்டில் காற்றாலைகள் நட்டபோது வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியிருக்கும். நாட்டின் ஆரம்பக் காற்றாலைப் பண்ணைகளில் அது ஒன்று. பிறகு முப்பந்தல், ஆரல்வாய்மொழி, கயத்தாறு, ராதாபுரம் என்று காத்தாடிகள் பெருகின. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் இன்று 11,000 மெகாவாட்டுக்கு மேல். மலையிடைக் கணவாய்களில் மேல்காற்று வீசும் நான்கைந்து மாதங்களில்தான் இவை மும்முரமாகச் சுழலும். ஆடியில் மின்வாரியம் வாங்கிக்கொள்ள முடியாத அளவுக்குக் கரண்டு வரும், சில நாள் காத்தாடியை நிறுத்தச் சொல்வார்கள். மார்கழியில் அதே காத்தாடி சும்மா நிற்கும்.

மிஞ்சும் ஆடிக் கரண்டில் ஹைட்ரஜன் எடுத்துச் சேமித்துவிடலாம் என்று மேடையில் சொல்வது எளிது. தண்ணீரைப் பிளக்கும் எலக்ட்ரோலைசர் விலையுயர்ந்த இயந்திரம். அதை வருஷத்தில் நான்கு மாதம் ஓட்டி எட்டு மாதம் பூட்டிவைத்தால் வட்டி கட்டியே கம்பெனி மூழ்கும். எனவே வருஷம் முழுக்கக் கரண்டு கேட்பார்கள். காற்றில்லாத மாதங்களில் சூரியனைச் சேர்ப்பார்கள், அதுவும் போதாத இரவுகளில் பொது மின்தொடரிலிருந்து எடுக்க வேண்டிவரும். அந்தத் தொடரில் உடன்குடி நிலக்கரியும் கலந்திருக்கும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறக் கூடாது, அதற்குள் இருந்தால்தான் பசுமை என்று 2023-இல் மத்திய அரசு வரையறுத்தது. அந்த வரம்பைக் காகிதத்தில் காட்டுகிறார்களா, மணிக்கணக்கில் அளந்து காட்டுகிறார்களா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தண்ணீரா, கரண்டா?

தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் இலக்கு. தூத்துக்குடி, காண்ட்லா, பாரதீப் ஆகிய மூன்றும் ஹைட்ரஜன் மையத் துறைமுகங்களாகத் தேர்வாயின. அதற்கு முன்பே, 2022 ஜூலையில், தூத்துக்குடிக்கு ஏக்மி நிறுவனத்தின் 52,474 கோடி ரூபாய் ஒப்பந்தம் வந்திருந்தது. 2024 ஜனவரியில் சென்னை முதலீட்டாளர் மாநாட்டில் சிங்கப்பூர் செம்ப்கார்ப் 36,238 கோடிக்குக் கையெழுத்திட்டது. ஒப்பந்தத்தில் போடும் கோடிகளை நான் பாதியாகத்தான் எண்ணுவது வழக்கம், அதுவும் கட்டடம் எழும்பிய பிறகு. ஆனாலும் திசை தெளிவு. செம்ப்கார்ப், ஜப்பானின் சோஜிட்ஸ், கியூஷு எலக்ட்ரிக் ஆகியவை சேர்ந்து பேசியது ஆண்டுக்கு 2 லட்சம் டன் பசுமை அமோனியா. போகுமிடம் ஜப்பான். அங்கே அனல்மின் நிலையங்களில் நிலக்கரியோடு கலந்து எரிக்க அமோனியா வேண்டும்.

தாமிரபரணிக் கரையில் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் வரும் கேள்வி தண்ணீர். வராமல் இருக்குமா? ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து ஆலைகளுக்கு நாளொன்றுக்கு 20 மில்லியன் கேலன் எடுக்கும் திட்டத்தால் கடைமடை விவசாயிகள் பட்ட பாடும் போட்ட வழக்குகளும் ஊரறிந்தவை. எனவே ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 2 லட்சம் டன் அமோனியாவுக்கு 35,000 டன்னுக்குச் சற்று மேல் ஹைட்ரஜன் தேவை. ஒரு கிலோவுக்கு வேதிக் கணக்குப்படி 9 லிட்டர் தண்ணீர், சுத்திகரிப்பில் போகும் கழிவையும் சேர்த்து 20 லிட்டர் என்றே வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 20 லட்சம் லிட்டர் வரும். பதினைந்தாயிரம் பேர் வாழும் ஓர் ஊரின் குடிநீர்த் தேவை. 20 மில்லியன் கேலன் திட்டமோ ஒன்பது கோடி லிட்டர், இது அதில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. குளிர்விக்கும் தேவையைச் சேர்த்தால் கூடும்தான். கடல்நீரைக் குடிநீராக்கி எடுத்தாலும் ஹைட்ரஜன் விலையில் அது பெரிய சுமை ஆகாது, காரணம் செலவின் பெரும்பகுதி கரண்டுக்குத்தான். ஆகவே ஆற்றில் கைவைக்கக் கூடாது என்ற நிபந்தனையைத் தயங்காமல் போடலாம். கம்பெனிக்கு அது தாங்கும்.

கரண்டுக் கணக்குதான் மலைக்க வைக்கிறது. அதே ஆலைக்கு வருஷத்துக்கு 190 கோடி யூனிட்டுக்கு மேல் வேண்டும். ஏறக்குறைய 900 மெகாவாட் காத்தாடிகள் வருஷம் பூராவும் இதற்காகவே சுழல வேண்டும். தமிழ்நாட்டின் மொத்தக் காற்றாலையில் பன்னிரண்டில் ஒரு பங்கு அது. ஒரே ஓர் ஆலைக்கு! தண்ணீரைப் பற்றிப் பத்துப் பேர் கேட்கிறார்கள். நல்ல காற்றுள்ள நிலமும் மின்தொடர் இடமும் ஏற்றுமதிக்குப் போய்விட்டால் நம் வீட்டு மீட்டருக்கு என்ன மிஞ்சும் என்று கேட்பவரைக் காணோம்.

குலசைக்காரர்களுக்கு இதில் ஒரு பழைய அனுபவம் உண்டு. ஒரு காலத்தில் இங்கே பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை இருந்தது, பனங்கருப்பட்டியிலிருந்து சர்க்கரை எடுத்தார்கள். அந்தத் தொழிலை ஒட்டித் திருச்செந்தூரிலிருந்து குலசை வழியாகத் திசையன்விளை வரை இரண்டடி அகலக் குறும்பாதையில் ஒரு ரயில் ஓடியது. சனங்களும் ஏறிப்போனார்கள். கம்பெனிக்குக் கட்டுப்படியாகாத நாள் வந்தது, 1940-இல் ரயில் நின்றது. தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஊர்க்காரர்களுக்கென்று போட்ட ரயிலாக இருந்தால் இவ்வளவு லேசாக நின்றிருக்காது.

முதல் பங்கு வயலுக்கு

இந்தியா இப்போதே ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன் ஹைட்ரஜன் பயன்படுத்துகிறது. சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் உர ஆலைகளுக்கும் பெரும்பகுதி போகிறது. ஏறக்குறைய எல்லாமே இயற்கை வாயுவிலிருந்தும் நாப்தாவிலிருந்தும் எடுப்பது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பது, பத்து கிலோ கரியமில வாயு வானத்துக்குப் போகிறது. பசுமை ஹைட்ரஜன் முதலில் நுழைய வேண்டிய வாசல் இதுதான். புது வண்டி வாங்க வேண்டாம், புது நிரப்பு நிலையம் வேண்டாம். ஹைட்ரஜனைக் கையாளத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

ஸ்பிக் ஆலை நெடுங்காலம் நாப்தாவை நம்பியிருந்தது. ராமநாதபுரம்–தூத்துக்குடி 143 கிலோமீட்டர் எரிவாயுக் குழாய் 2021-இல் வந்த பிறகு இயற்கை வாயுவுக்கு மாறியது. யூரியாவில் ஒரு சிக்கல் உண்டு: அமோனியாவோடு கரியமில வாயுவும் சேர்ந்தால்தான் யூரியா. இயற்கை வாயுவில் அது இலவசமாகக் கிடைக்கிறது, காற்றாலை ஹைட்ரஜனில் கிடைக்காது. டி.ஏ.பி. உரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அமோனியாவும் பாஸ்பாரிக் அமிலமும் போதும். தூத்துக்குடியிலேயே கிரீன்ஸ்டார் நிறுவனம் டி.ஏ.பி.யும் காம்ப்ளக்ஸ் உரமும் தயாரிக்கிறது. பிசானச் சாகுபடிக்கு அடியுரம் போடும் நேரத்தில் டி.ஏ.பி. மூட்டைக்கு சொசைட்டி வாசலில் நிற்பது என்னவென்று நம் விவசாயிக்குத் தெரியும். 2025-இல் சீனா ஏற்றுமதியை இறுக்கியபோது நாடு முழுக்க அந்தத் தட்டுப்பாடு வந்தது.

விலையும் நினைத்ததைவிட வேகமாக இறங்குகிறது. இந்திய சூரிய ஆற்றல் கழகம் 13 உர ஆலைகளுக்காக 7.24 லட்சம் டன் பசுமை அமோனியா வாங்க ஏலம் விட்டது. 2025 ஜூலையில் வந்த முதல் விலை கிலோ 55 ரூபாய் 75 காசு. முந்தைய ஆண்டு ஐரோப்பிய ஏலம் ஒன்றில் விலை சுமார் 100 ரூபாய். சாதாரண அமோனியாவோடு தோள் தட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது என்று சொல்லலாம். தூத்துக்குடியில் நிலமும் துறைமுக வசதியும் வாங்கும் கம்பெனிகளிடம், ஜப்பானுக்குக் கப்பல் ஏறுமுன் இவ்வளவு டன் உள்ளூர் உர ஆலைக்கு என்று அரசு எழுதி வாங்க இதுவே சமயம். கட்டி முடித்த பிறகு கேட்டால் கிடைக்காது.

வயலுக்கு அடுத்த பங்கு கப்பலுக்கு. கப்பலுக்கு பேட்டரி கட்டி அனுப்ப முடியாது. உலகக் கப்பல் போக்குவரத்தை 2050 வாக்கில் கார்பனற்றதாக்க வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2023-இல் முடிவெடுத்தது. அதற்கான கட்டண விதிகள் 2025 அக்டோபரில் ஓராண்டு தள்ளிப்போயின என்றாலும் மெத்தனாலில் ஓடும் கப்பல்கள் கடலில் இறங்கிவிட்டன. ஹைட்ரஜனிலிருந்து செய்யக்கூடிய மெத்தனால் சாதாரண வெப்பத்தில் திரவமாகவே இருக்கும் என்பதால் ஹைட்ரஜனைப்போல அதைக் குளிர்விக்கவோ நெருக்கவோ வேண்டியதில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் 750 கன மீட்டர் கொள்ளளவில் பசுமை மெத்தனால் நிரப்பு வசதிக்கு 35.34 கோடி ரூபாயில் 2025-இல் அடிக்கல் நாட்டினார்கள். காண்ட்லா–தூத்துக்குடி கடலோரப் பசுமைக் கப்பல் பாதையும் திட்டத்தில் இருக்கிறது. கிழக்கு–மேற்கு சர்வதேசக் கப்பல் பாதைக்குப் பக்கத்தில் இருந்தும் பெரும்பாலான கப்பல்கள் நம்மைத் தாண்டிக் கொழும்புக்குப் போகின்றன. எரிபொருள் இங்கே கிடைக்குமென்றால் சில கப்பல்களாவது திரும்பிப் பார்க்கும். 1906-இல் கொழும்புக்குச் சுதேசிக் கப்பல் விட்ட ஊர், கப்பலுக்குச் சுதேசி எரிபொருள் ஊற்றினால் வேண்டாமென்று யார் சொல்வார்கள்?

சாண வாயுவை மறந்த கதை

மெத்தனால் செய்ய ஹைட்ரஜனோடு கரியமில வாயு வேண்டும். தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலை 2016-இலேயே தன் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிடித்துச் சோடா உப்பில் சேர்க்கத் தொடங்கி உலகச் செய்தியானது. பிடிக்கும் வித்தை நமக்குத் தெரியும். ஆனால் நிலக்கரிப் புகையில் செய்த மெத்தனாலைப் பசுமை என்று எத்தனை நாளைக்கு வெளிநாட்டுக்காரன் ஒப்புக்கொள்வான்? பயிரிலிருந்தும் சாணத்திலிருந்தும் வந்த கரியமில வாயுவாக இருந்தால் கேள்வி எழாது.

கிராமத்தில் கோபர் கேஸ் என்பார்கள். 1980-களில் மானியத்தில் கட்டிய சாண எரிவாயுக் கலன்கள் பல ஊர்களில் இன்று குப்பைக் குழி. மாடு குறைந்தது, சமையல் சிலிண்டர் வந்தது, கலன் வெடித்த சிமெண்டோடு நின்றுவிட்டது. அதே வாயுவில் பாதிக்குச் சற்று மேல் மீத்தேன், மீதி பெரும்பாலும் கரியமில வாயு. மீத்தேனைப் பிரித்து அழுத்தினால் சி.என்.ஜி. வண்டியில் அப்படியே நிரப்பலாம். பிரிந்த கரியமில வாயுவை மெத்தனாலுக்குக் கொடுக்கலாம். இரண்டு பசுமை வாயுக்களும் சந்திக்கும் இடம் இது. நம் பகுதியில் இதைப் பற்றி யாரும் மாநாடு போட்டதாகத் தெரியவில்லை.

2018 அக்டோபர் 1 அன்று மத்திய அரசு சதாத் என்ற பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. 2023-க்குள் 5,000 அழுத்த உயிர்வாயு ஆலைகள் என்றார்கள். வந்தது அதில் மிகச் சொற்பம். குப்பை பிரிந்து வராதது, வைக்கோலைச் சேகரிக்க ஆகும் கூலி, வங்கிக் கடன், மிஞ்சும் எருவை வாங்க ஆளில்லாதது என்று காரணங்கள் பல. 2025–26 முதல் நகர எரிவாயுக் கம்பெனிகள் ஒரு சதவீத உயிர்வாயுவைக் கலந்தே ஆக வேண்டும், 2028–29-இல் 5 சதவீதம் என்று விதி வந்த பிறகு இப்போது கொஞ்சம் சூடு பிடித்திருக்கிறது.

சென்னை சேத்துப்பட்டில் ஈரக்குப்பையிலிருந்து வாகன வாயு எடுக்கும் ஆலை இருக்கிறது. நாமக்கல்லில் கோழி எருவும் ஆலைக்கழிவும் வாயுவாகின்றன. நூறு டன் ஈரக்குப்பையில் நாளுக்கு சுமார் 4 டன் வாயு எடுக்கலாம். ஒரு கிலோவுக்கு மூன்றரை கிலோமீட்டர் என்று வைத்தாலும் நாளுக்கு 300 கிலோமீட்டர் ஓடும் பஸ் நாற்பதுக்கு மேல் ஓடும். துறைமுக ஹைட்ரஜன் ஆலையின் ஒரு பஸ்ஸையும் இந்த நாற்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நெல்லை ராமையன்பட்டிக் கிடங்கில் வெயில் காலத்தில் குப்பை தீப்பிடித்துப் புகையும்போது எரிவது இந்த வாயுதான். தாமிரபரணிப் பாசனத்தில் தார் வெட்டிய பிறகு அழுகும் வாழைத்தண்டுக்கும், கார் அறுவடை முடிந்து மழையில் நனையும் வைக்கோலுக்கும் இதே கதி.

எச்சரிக்கை ஒன்று உண்டு. மீத்தேன் கசிந்தால் அது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். மூடி சரியில்லாத கலனும் ஓட்டைக் குழாயும் உள்ள ஆலை இல்லாமல் இருப்பதே மேல். நூறு டன் ஈரக்குப்பை என்பதும் பிளாஸ்டிக் கலக்காத நூறு டன். வீட்டு வாசலில் பிரிக்காமல் ஆலை வாசலில் பிரிக்க முடியாது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் நான் ஒரு தடத்தைச் சொல்வேன். நெல்லையிலிருந்து பாளையங்கோட்டை, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, திருச்செந்தூர் வழியாகக் குலசை. வருஷம் பூராவும் முருகனைப் பார்க்கக் கூட்டம், புரட்டாசியில் முத்தாரம்மன் தசராவுக்கு வேஷம் கட்டி வரும் லட்சக்கணக்கான பக்தர்கள். அந்தப் பத்து நாளில் சிறப்புப் பஸ்கள் கக்கும் டீசல் புகையில்தான் காளி வேஷமும் குறவன் வேஷமும் நடக்கின்றன. நூறு கிலோமீட்டருக்குள் அடங்கும் தடம், சமதரை. பேட்டரி பஸ்ஸுக்கு இதைவிடத் தோதான பாதை தெற்கே கிடையாது. திருவிழா நெரிசலுக்கு உயிர்வாயு பஸ்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.

போக்குவரத்துக் கழகமும் நெல்லை, தூத்துக்குடி மாநகராட்சிகளும் துறைமுகமும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் இதை அடுத்த நிதிநிலை அறிக்கைக்குள் எழுதிவிடலாம். குப்பை மாநகராட்சியுடையது, பஸ் கழகத்துடையது, கரியமில வாயு வேண்டியது துறைமுகத்துக்கான மெத்தனாலுக்கு. ஹைட்ரஜனை உரத்துக்கும் கப்பலுக்கும் விடுங்கள். தசரா பஸ்ஸுக்குப் பேட்டரியும் சாண வாயுவும் போதும். நம் பகுதித் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்கள் முதலில் கேட்க வேண்டியது, ஏற்றுமதிக்கு ஒதுக்கும் ஒவ்வொரு மெகாவாட்டுக்கும் எதிரே உள்ளூருக்கு எவ்வளவு என்ற ஒற்றைக் கணக்கை. அதைச் சட்டமன்றத்திலேயே கேளுங்கள், பதில் அவைக்குறிப்பில் இருக்கட்டும்.